பல்லுக்குக் கம்பி கட்டினோர் படும் பாடு

பல்வரிசையைச் செம்மை செய்யக் கம்பி கட்டிக்கொள்வோரைக் கண்டு, இஃது அழகு விரும்பும் இளைஞரின் வீண் செலவு என நகைப்பார் பலர். பழவேற்காட்டினின்று இக்கல்லூரிக்கு வந்த யானும் கம்பி கட்டிக்கொண்டு அந்நகைப்புக்கு ஆளானேன். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாவிடின் மெல்லுதலும் பல் துலக்குதலும் இடர்ப்படும் என்பதை அன்னோர் எண்ணுவதில்லை. பல்லை நேராக்கும் உலோகப் பட்டையைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். ஆதலின் இது நேற்றுத் தோன்றிய நாகரிகமன்று.

யான் எழுதப் புகுந்தது அதன் நோவைப் பற்றியே. கம்பியை இறுக்கிய சில மணி நேரத்தில் நோவு தொடங்கும், மறுநாள் மிகும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணியும். அழுத்தப்படும் பக்கத்து எலும்பு கரைய, மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர, பல் மெல்ல இடம் பெயர்கின்றது. அதனால் அது சிறிது ஆடுதலும் இயல்பே. இதனை முன்னரே எமக்கு உரைப்பாரிலர். பல் ஆடக் கண்ட என் தாயார், நல்ல பல்லைக் கெடுத்துக்கொண்டேன் என்று அழுதார். யானும் கம்பியைக் கழற்றிவிடவே துணிந்தேன்.

கம்பி கன்னத்தைக் குத்தினால் நகரத்தார்க்கு மருத்துவர் அருகிலுண்டு. எம்மூரார் பேருந்தேறிப் பொன்னேரி சென்று, அங்கிருந்து புகைவண்டியில் சென்னை சென்று மீள ஒரு நாள் கழியும். வலை வீசிப் பிழைக்கும் வீட்டில் அந்நாள் வருவாயும் போம். ஆதலின் கம்பி கட்டும் நாளிலேயே, அதற்குரிய மெழுகையும், செய்யத்தக்கன தகாதன எழுதிய தமிழ்த் தாளொன்றையும் கொடுத்தனுப்புதல் மருத்துவர் கடமை என்பேன். குத்துமிடத்தில் அம்மெழுகை ஒட்டினால் கன்னம் தப்பும். வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புநீர் கொப்பளித்தல் நன்று. உவர்நீர் ஏரிக்கரையில் வாழ்வார்க்கு இதனைச் சொல்லவும் வேண்டுமோ! உண்டபின் துலக்காதொழியின் கம்பியைச் சுற்றி உணவு தங்கிப் பல்லில் வெண்புள்ளி விழும்.

உணவே பெரிய சோதனை. குழைந்த சோறும் முள் நீக்கிய மீனும் தீங்கு செய்யா. முறுக்கும் கரும்பும் ஆகா. நண்டுக்காலைப் பல்லாற் கடித்துடைத்தல் எங்கள் வழக்கம். விடுமுறையில் ஒருநாள் அவ்வாறு கடிக்க, பல்லில் ஒட்டியிருந்த சிறு பிடி பெயர்ந்தது. பிழை என்னுடையதே. மூன்று வாரம் மருத்துவரிடம் செல்லாதிருந்தமையின் அப்பல் மட்டும் பின்தங்கிற்று.

இப்பொழுது என் தாயார் நண்டை அம்மிக்குழவியால் உடைத்துச் சதையை மட்டும் எடுத்து எனக்கு வைக்கின்றார். கம்பி கட்டாத தம்பியரும் அவ்வாறே வேண்டுமென்று வழக்காடுகின்றனர்.