இயல்பான எண்தான் இலக்கா?

கடும் நோயுற்றுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் இரத்தச் சர்க்கரை, அவருக்கு நீரிழிவு இல்லாவிட்டாலும், 200 மில்லிகிராமைத் தாண்டுவதுண்டு. உடல் நெருக்கடியில் சுரக்கும் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களின் வேலை அது. இன்சுலின் செலுத்தி இயல்பு அளவுக்கு இறக்கிவிட்டால் நல்லதுதானே என்று கேட்பீர்கள்.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,548 பேரிடம் அப்படித்தான் செய்தனர். சர்க்கரையை 80-110க்குள் வைத்தபோது, அப்பிரிவில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. 2001இல் இது வெளியானதும் பல மருத்துவமனைகள் இம்முறையைக் கைக்கொண்டன. ஆனால் லூவனில் பெரும்பாலோர் இதய அறுவை செய்துகொண்டவர்கள். குளுக்கோசும் நரம்புவழி நிறையப் பெற்றவர்கள். பலவகை நோயாளிகள் 6,104 பேரிடம் நடந்த 'நைஸ்-சுகர்' ஆய்வு 2009இல் நேர்மாறாகக் கூறிற்று. இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதத்தினர் 90 நாட்களில் இறந்தனர். 180 வரை விட்டுவைத்தவர்களில் 24.9 சதவீதத்தினரே இறந்தனர்.

இயற்பியல் படிப்போர்க்கு இதில் ஒரு செய்தி புலப்படும். தானியங்கி இஸ்திரிப்பெட்டி சூட்டை ஓயாமல் உணர்கிறது. செவிலியரோ மணிக்கணக்கு இடைவெளியில்தான் இரத்தத்தைச் சோதிக்க முடியும். இடையில் சர்க்கரை சரிந்தால், மயக்கத்தில் கிடப்பவர் தலைசுற்றுகிறது என்று சொல்வாரா? அந்த ஆய்வில் இறுக்கிப் பிடித்தவர்களில் 6.8 சதவீதத்தினருக்குச் சர்க்கரை 40க்கு இறங்கியது; மற்றவர்களில் 0.5 மட்டுமே.

பாடநூல்களில் 'இயல்பு அளவு' என்று அச்சிடுமிடத்தில் 'நலமுள்ளவர்க்கு' என்றும் சேர்க்க வேண்டும் என்பேன். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்று பெரும்பாலும் 140-180தான் இலக்கு.