மெக்கானிக் படிக்கப் போகிற பிள்ளைகளும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தாலே எனக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை உண்டு. "சார், பையன் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் சேரப் போறேன்னு அடம் பிடிக்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான்." சொல்கிறேன். ஆனால் பையனுக்கு அல்ல, உங்களுக்கு: தடுக்காதீர்கள்.

"படிப்பு வராதவன்தான் ஸ்பானர் பிடிப்பான்" என்ற பேச்சை முதலில் விடுவோம். முப்பது வருடம் அறிவியல் பாடம் எடுத்தவன் சொல்கிறேன். வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிய பாஸ்கல் விதி, காரின் பிரேக் குழாய்க்குள் தினமும் வேலை செய்கிறது. ஓம் விதி ஹெட்லைட் வயரில் ஓடுகிறது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் ஏன் கொதிநீர் பீறிடும் என்பதற்குக் குக்கர் வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்களே பதில் சொல்வார்கள். இது படிப்பு வராதவர்களுக்கான தொழில் அல்ல. படித்ததைக் கையால் செய்து பார்க்கிறவர்களுக்கான தொழில்.

சேரப்போகிற தம்பி, தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாளே இன்ஜினைப் பிரித்துப் போட ஆசை வரும். பொறுங்கள். என் பார்வையில் வரிசை இதுதான்.

முதலில் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான். அடுத்து அளவு. வெர்னியர், மைக்ரோமீட்டர், பில்லர் கேஜ் மூன்றும் கைக்குப் பழக வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. போல்ட்டை முறுக்குவதற்கும் அளவு உண்டு. "நல்லா டைட் வை" என்பது அளவு அல்ல. ஆயில் போல்ட்டை அப்படி முறுக்கி மரை போன வண்டிகள் எத்தனை!

பிறகு நான்கு வீச்சு. 1876இல் ஜெர்மனியில் ஆட்டோ என்பவர் ஓட்டிக்காட்டிய அதே சுழற்சிதான் இன்றைய பெட்ரோல் இன்ஜின்களிலும்: இழுத்தல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல். இந்த நான்குக்குள் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும், கேம் ஷாஃப்ட் ஒரே சுற்று. ஏன் என்று உங்கள் சொந்த வார்த்தையில் வீட்டில் பாட்டிக்கு விளக்க முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு, ஸ்டார்ட் ஆகாத பைக் முன்னால் திகைக்க மாட்டீர்கள். காற்று வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, அமுக்கம் இருக்கிறதா, சரியான நேரத்தில் பொறி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பீர்கள்.

கடைசியாக, ஆனால் முக்கியமாக, மின்சாரம். பலரும் பயந்து ஒதுங்குவது இங்கேதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் போய் சென்சாரும் இன்ஜெக்டரும் வந்துவிட்டன. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர் பாதி மெக்கானிக்தான். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வரும். இந்த இரண்டு எண்ணைப் பார்க்காமல் "பேட்டரி போச்சு, மாத்துங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். பத்து நாளில் புது பேட்டரியும் படுத்துவிடும். கோளாறு சார்ஜ் ஏற்றும் பகுதியில் இருந்திருக்கும். நஷ்டம், தினக்கூலிக்கு அந்த வண்டியை நம்பியிருக்கும் மனிதருக்கு.

ஸ்கேனர் வந்துவிட்டதே என்பார்கள். ஸ்கேனர் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். எது கெட்டது என்று சொல்லாது. ஆக்சிஜன் சென்சார் பற்றிக் குறியீடு வந்தால் சென்சார்தான் பழுது என்றில்லை. எங்கோ ஒரு குழாயில் காற்று கசிந்தாலும் அதே குறியீடு வரலாம். அங்கே அடிப்படை தெரிந்தவர் ஜெயிப்பார்.

"மின்சார வண்டி வந்தபின் இந்தப் படிப்பு வீண்தானே?" என்று கேட்கிறவர்களுக்கு: அதிலும் பிரேக் உண்டு, ஸ்டீயரிங் உண்டு, சஸ்பென்ஷன் உண்டு, பேரிங் உண்டு. உயர் மின்னழுத்தத்துக்குத் தனிப் பயிற்சி கட்டாயம் வேண்டும். ஆனால் அதைக் கற்கவும் இதே அடித்தளம்தான்.

பெற்றோரே, இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். நிறுவனங்களில் அப்ரன்டிஸ் ஆகப் போகலாம். கதவு எதுவும் மூடுவதில்லை. நல்ல ஷூவும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். அன்றன்று பார்த்த வேலையை அதில் எழுதச் சொல்லுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, உங்களிடம் ஒரு உரிமையான வேண்டுகோள். "பார்த்துக் கத்துக்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஏண்ணே?" என்று கேட்கிற பையனை அதட்டாதீர்கள். அவன் நாளை பிரேக் பார்த்து அனுப்பும் வண்டியில் ஒரு குடும்பமே ஏறி உட்காரும்.

இந்த ஆண்டு சேரும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அருகில் பட்டறை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் கைகொடுப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்