கிஃப்ட் கார்டு: நீங்க மறந்த பணம் யார் கணக்குல ஏறுது?

உங்க மெயில் இன்பாக்ஸ்ல 'கிஃப்ட் கார்டு'ன்னு ஒருமுறை தேடிப் பாருங்க. தீபாவளிக்கு ஆபீஸ்ல கொடுத்தது, பிறந்தநாளுக்கு ஃப்ரெண்ட் அனுப்பியது, ரீஃபண்டுக்குப் பதிலாக ஏதோ ஒரு ஷாப்பிங் ஆப் நம்ம தலையில் கட்டியது... எப்படியும் ஒண்ணு ரெண்டு சிக்கும். அதில் ஒன்று காலாவதி ஆகியிருந்தாலும் ஆச்சர்யமில்லை.

'சரி விடு, போனா போகுது'ன்னு கடந்துடுவோம். ஆனால், அந்தப் பணம் காற்றில் கரைந்துவிடவில்லை. யாரோ அதை ஏற்கெனவே தங்கள் வங்கிக் கணக்கில் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது அவர்களுடைய வருமானமா, இல்லை உங்களுக்குத் தர வேண்டிய கடனா? ஆன்லைன் கடைகளின் கணக்குப் புத்தகம், ஜி.எஸ்.டி, உங்க பர்ஸ் என எல்லாமே இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

விற்றது பொருள் இல்லை, வாக்கு!

1,000 ரூபாய்க்கு ஒரு கிஃப்ட் கார்டு விற்றால், கடைக்கு 1,000 ரூபாய் வந்துவிடுகிறது. ஆனால், கடையிலிருந்து எந்தப் பொருளும் வெளியே போகவில்லை. 'இதைக் கொண்டுவா, இந்த மதிப்புக்குப் பொருள் தர்றேன்' என்ற வாக்கு மட்டும்தான் போயிருக்கிறது. அதனால், கணக்கியலில் அது விற்பனை அல்ல, கடன். கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டில் அது 'பொறுப்புகள்' பக்கத்தில்தான் உட்காரும். இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் 'இண்ட் ஏ.எஸ் 115' என்ற கணக்கியல் தரநிலை சொல்வதும் இதைத்தான். பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போகும்போதுதான் அது வருமானம்.

இதில் இன்னொரு கோணமும் இருக்கு. நீங்க கார்டைப் பயன்படுத்தும் வரை, அந்தக் கடைக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர் நீங்கதான். வங்கியில் போட்டால் வட்டியாவது கிடைக்கும். இங்கே அதுவும் கிடையாது!

ஒரு சேலைக் கடை கணக்கு

இன்ஸ்டாகிராமில் காட்டன் சேலை விற்கும் உங்க ஃப்ரெண்ட் ஒருவர், தீபாவளி சீஸனில் 1,000 ரூபாய் கிஃப்ட் கார்டு 100 விற்றார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 1 லட்சம் ரூபாய் வந்துவிட்டது. 'சேல்ஸ் செம!' என்று அதை அப்படியே விற்பனையில் எழுதிவிட்டு, அந்தப் பணத்தில் புது கேமரா வாங்கினால் என்ன ஆகும்?

பொங்கல் நேரத்தில் அந்த 100 பேரும் கார்டோடு வருவார்கள். சேலை போகும், கூரியர் செலவு போகும், பணம் மட்டும் வராது. தறிக்காரருக்குக் கொடுக்கவும் காசு இருக்காது. தீபாவளி மாதம் லாபம் கொட்டியதுபோலவும், பொங்கல் மாதம் பெரிய நஷ்டம்போலவும் கணக்கு காட்டும். ரெண்டுமே உண்மை இல்லை.

சரியான வழி எளிமையானது. கார்டு விற்றபோது: வங்கியில் 1,000 ரூபாய் கூடியது, 'கிஃப்ட் கார்டு பாக்கி' என்ற தனித் தலைப்பிலும் 1,000 ரூபாய் கூடியது. விற்பனை பூஜ்ஜியம்.

இப்போது ஒருவர் 1,575 ரூபாய் சேலை வாங்குகிறார். அதில் 1,500 ரூபாய் விலை, 75 ரூபாய் (5%) ஜி.எஸ்.டி. கார்டில் 1,000, யு.பி.ஐ-யில் 575 கட்டுகிறார். கணக்கில் கார்டு பாக்கி 1,000 குறையும், வங்கியில் 575 கூடும், விற்பனை 1,500, செலுத்த வேண்டிய வரி 75. ரெண்டு பக்கமும் 1,575. அவ்வளவுதான்!

பொருளைத் திருப்பிக் கொடுத்தால்? கார்டில் கட்டிய பங்கு கார்டுக்கே திரும்பணும், யு.பி.ஐ-யில் கட்டியது யு.பி.ஐ-க்கே போகணும். எல்லாவற்றையும் பணமாகத் திருப்பித் தரும் கடை, திருட்டு கார்டில் பொருள் வாங்கி அதைக் காசாக்கும் மோசடிக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. 'ஏன் ரீஃபண்டை வாலட்ல போடுறாங்க?' என்று நாம கடுப்பாகும் பல நேரங்களில் காரணம் இதுதான்.

டிஸ்கவுன்ட் வேற, கிஃப்ட் கார்டு வேற

சின்ன ஆன்லைன் கடைகள் சறுக்குவது இங்கேதான். மேலே சொன்ன உதாரணத்தில், 'கையில் வந்தது 575 ரூபாய்தானே' என்று அதற்கு மட்டும் வரி கணக்குப் போடுவார்கள். கிஃப்ட் கார்டு தள்ளுபடி அல்ல. பணம் கட்டும் ஒரு வழி. யு.பி.ஐ எப்படியோ, கார்டும் அப்படித்தான். வரி முழு 1,500 ரூபாய்க்கும் உண்டு.

ஆனால், '3,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் வவுச்சர் இலவசம்' என்று கொடுத்தால் கதை வேறு. அந்த வவுச்சருக்கு யாரும் தனியாகப் பணம் கட்டவில்லை. பெரிய நிறுவனங்கள் அந்த 3,000 ரூபாயிலேயே ஒரு பங்கை 'அடுத்த முறைக்கான சலுகை' என்று பிரித்து எடுத்துவைக்க வேண்டும். சின்ன கடைக்காரர், காசு வாங்கி விற்ற கார்டுக்கு ஒரு வரிசை, சும்மா கொடுத்த கோடுக்கு ஒரு வரிசை என ரெண்டு தனித் தொடர் எண்கள் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மறந்த பணத்துக்கும் ஒரு பெயர் உண்டு

விற்ற எல்லா கார்டும் திரும்பி வராது என்பது எந்தக் கடைக்கும் தெரியும். சிலர் தொலைப்பார்கள், சிலர் மறப்பார்கள், சிலர் கார்டில் 37 ரூபாய் பாக்கி கிடக்கும், கண்டுகொள்ளவே மாட்டார்கள். இப்படிப் பயன்படாமல் போகும் தொகைக்குக் கணக்கியலில் 'பிரேக்கேஜ்' என்று பெயர்.

இதை வருமானமாக எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ஆனால், இஷ்டத்துக்கு இல்லை. பழைய அனுபவத்தை வைத்து 10% திரும்பாது என்று ஒரு நிறுவனத்தால் நம்பகமாகச் சொல்ல முடிந்தால், மற்றவர்கள் கார்டைப் பயன்படுத்தும் வேகத்திலேயே இதையும் கொஞ்சம் கொஞ்சமாக வருமானத்தில் சேர்க்கலாம். 1 லட்சம் ரூபாய் கார்டில் 90,000 திரும்பும், 10,000 திரும்பாது என்பது கணிப்பு. 45,000 ரூபாய்க்குக் கார்டுகள் வந்துவிட்டன என்றால், எதிர்பார்த்ததில் பாதி. எனவே 10,000-லும் பாதி, அதாவது 5,000 ரூபாய் இப்போது வருமானம். இப்படிக் கணிக்கும் அளவுக்குப் பழைய தரவு இல்லாத புதுக் கடை, இனி யாரும் வரப்போவதில்லை என்பது ஏறக்குறைய உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டும்.

இது சில்லறை விஷயம்னு நினைச்சா, அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸைப் பாருங்க. வாடிக்கையாளர்கள் கார்டிலும் ஆப்பிலும் போட்டுவைத்துப் பயன்படுத்தாத பணத்திலிருந்து மட்டும் 2023 நிதியாண்டில் அந்த நிறுவனம் கணக்கில் காட்டிய வருமானம் 20 கோடி டாலருக்கும் மேல். ஒரு காபிகூடப் போடாமல்!

தீர்ந்த ஒரு குழப்பம்

இந்தியாவில் இதற்கு வரி உண்டா, எப்போது என்பதில் பல வருடங்கள் இழுபறி இருந்தது. கார்டு விற்கும்போதே வரியா, பொருள் வாங்கும்போதா, ரெண்டு முறையுமா? தமிழ்நாட்டில் இதே கேள்வியோடு கல்யாண் ஜுவல்லர்ஸ் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நகைக் கடை வவுச்சரையே தனிச் சரக்காகப் பார்த்து வரி கேட்கும் வாதத்தை 2023 நவம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை.

பிறகு 2024 டிசம்பர் 21-ல் ஜெய்சால்மரில் கூடிய 55-வது ஜி.எஸ்.டி கவுன்சில் இதற்கு விடை சொன்னது. வவுச்சர் பரிவர்த்தனை சரக்கும் இல்லை, சேவையும் இல்லை. எனவே, அதற்குத் தனியாக வரி இல்லை. அதை வைத்து வாங்கும் பொருளுக்கு மட்டுமே வரி. கமிஷனுக்கு வவுச்சர் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் அந்த கமிஷனுக்கு வரி கட்ட வேண்டும். பயன்படாமல் போன தொகைக்கு, அதாவது பிரேக்கேஜுக்கு, ஜி.எஸ்.டி கிடையாது. டிசம்பர் 31-ல் இதற்கான சுற்றறிக்கையும் வந்தது.

கடைக்காரர்களுக்கு இது நிம்மதி. ஆனால், கொஞ்சம் நின்று யோசிங்க. நீங்க மறந்த 1,000 ரூபாயில் கடைக்குப் பொருள் செலவு இல்லை, பேக்கிங் இல்லை, ஜி.எஸ்.டி-யும் இல்லை. நீங்க வாங்குவதைவிட, நீங்க மறப்பதில்தான் கடைக்கு அதிக லாபம். காலாவதித் தேதி ஏன் பொடி எழுத்தில் இருக்குன்னு இப்போ புரியுதா?

எல்லா கார்டும் ஒண்ணு இல்லை

இங்கேதான் நமக்குத் தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் இருக்கு. கிஃப்ட் கார்டில் ரெண்டு வகை. ஒன்று, அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் வெளியிட்டு, பல வணிகர்களிடம் செல்லுபடியாகும் வகை. இது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் வரும். இரண்டாவது, ஒரு கடை தானே வெளியிட்டு, தன்னிடம் மட்டும் செல்லும் வகை. இதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை.

முதல் வகைக்கு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது. ஒரு கிஃப்ட் கார்டின் உச்ச வரம்பு 10,000 ரூபாய். குறைந்தது ஒரு வருடம் செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாள்களில் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். வங்கி அல்லாத நிறுவனங்கள் வாடிக்கையாளர் பணத்தைத் தனியாக எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும். காலாவதியாகி குறைந்தது 3 வருடங்கள் வரை அந்தப் பாக்கியைத் தங்கள் லாபக் கணக்குக்கு மாற்றவே கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், காலாவதி ஆன பிறகும் நீங்க கேட்டால், மீதித் தொகையை வங்கிக் கணக்கில் திருப்பித் தரணும். இந்தக் கடைசி விதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரண்டாவது வகைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதன் ஆயுள் எவ்வளவு, மீதியைத் தருவார்களா என்பதெல்லாம் கடையின் விதிமுறைகளில் இருப்பதுதான். ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் கிஃப்ட் கார்டுகளுக்குக் குறைந்தபட்சம் 3 வருட ஆயுள் கட்டாயம். அமெரிக்காவில் 5 வருடம். கடை வெளியிடும் சொந்த கார்டுக்கும் அங்கே இது பொருந்தும். 6 மாதத்தில் காலாவதியாகும் கார்டுகள் புழங்கும் நம்ம ஊரிலும் இப்படி ஒரு கீழ்வரம்பு தேவை. வரி பற்றிய தெளிவு வியாபாரிகளுக்குக் கிடைத்தாச்சு; அடுத்த தெளிவு வாங்குபவர்களுக்குத்தான் வரணும்.

கடையே மூடினால்?

அமெரிக்காவின் பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023 ஏப்ரலில் திவால் மனு கொடுத்தது. கிஃப்ட் கார்டுகளை மே 8 வரைதான் ஏற்றது. ரெண்டே வாரம்! அதற்குப் பிறகு கார்டு வைத்திருந்தவர்கள், பிணை எதுவும் இல்லாத கடன்காரர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். வங்கிகள் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருந்தால் கிடைக்கும். ஒரு பிராண்டு தடுமாறுகிறது என்று செய்தி வந்தால், முதலில் தீர்க்க வேண்டியது அதன் கார்டைத்தான்.

நீங்க வாங்குபவர் என்றால்...

* கார்டின் விதிமுறையில் 'வெளியிடுபவர்' யார் என்று பாருங்க. கடையின் பெயரா, அனுமதி பெற்ற வேறு நிறுவனமா என்பதில்தான் உங்க உரிமை இருக்கு.
* கார்டு வந்த அன்றே காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாக போனில் ரிமைண்டர் வையுங்க.
* ரிசர்வ் வங்கி விதிக்குள் வரும் கார்டு காலாவதி ஆகிவிட்டால், வெளியிட்ட நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி ரீஃபண்ட் கேளுங்க. பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். கடை கார்டு பிரச்னைக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்க விற்பவர் என்றால்...

* கார்டு பணத்தை விற்பனையில் சேர்க்காதீங்க. முடிந்தால் தனி வங்கிக் கணக்கிலேயே வையுங்க.
* ஒவ்வொரு மாதக் கடைசியிலும், வெளியே இருக்கும் கார்டுகளின் மொத்த மீதியும் கணக்குப் புத்தகத்தின் 'கிஃப்ட் கார்டு பாக்கி'யும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்க. இடித்தால், ஏதோ ஒரு கார்டு ரெண்டு முறை பயன்பட்டிருக்கு என்று அர்த்தம். இல்லையென்றால் யாரோ எழுத மறந்திருக்கிறார்கள்.
* காலாவதி ஆன கார்டோடு ஒரு வாடிக்கையாளர் வந்தால், முடிந்தவரை ஏற்றுக்கொள்ளுங்க. அவர் காசு கொடுத்துத்தான் அதை வாங்கினார். 1,000 ரூபாய் பிரேக்கேஜைவிட, மறுபடியும் வரும் ஒரு வாடிக்கையாளர்தான் கடைக்கு லாபம்.