துப்பாக்கி யார் கையில்?

ஜூஜுவாடி சோதனைச் சாவடிப் பக்கம் ஏ.டி.எம்.மில் பணம் நிரப்ப வேன் வந்து நிற்கிறது. இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலர் ஒருவர் இறங்குகிறார். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தொழிலாளர்கள் தலை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால், 2021 ஜனவரி 22 அன்று ஓசூர் பாகலூர் சாலையில் நிதி நிறுவனக் கிளை ஒன்றில் புகுந்த கும்பல் துப்பாக்கி முனையில் சுமார் 25 கிலோ நகைகளை அள்ளிச் சென்றபோது ஊரே கதிகலங்கிப் போனது. துப்பாக்கியைக் கண்டு மக்கள் பயப்படுவதும் பயப்படாததும் அதை ஏந்தியிருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. இதில் வியப்பில்லை. நம் நாட்டில் அந்த 'யார்' என்ற கேள்விக்குள் சாதியும் சேர்ந்தே இருக்கிறது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

சோதனைச் சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். அந்த மாநிலத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர்களும் 'ஜம்மா' நில உரிமை உள்ளவர்களும் உரிமம் இல்லாமலேயே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்தில் 1861-ல் தொடங்கிய சலுகை இது. சுதந்திர இந்தியாவும் தொடர்ந்து நீட்டித்து வருகிறது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயுத பூசைத் திருவிழாவில் அங்கே துப்பாக்கிக்குப் பூச்சூட்டுகிறார்கள். பார்ப்பவர்கள் அதை வீரப் பாரம்பரியம் என்கிறார்கள். அதே குடகின் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் தலித்துகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் அந்தப் பாரம்பரியத்தில் பங்கு கிடையாது.

நம் பக்கம் இன்னொரு காட்சி உண்டு. தோளில் நாட்டுத்துப்பாக்கியோடு பேருந்து நிலையத்தில் நிற்கும் நரிக்குறவரைப் பழைய தலைமுறையினர் நன்கு அறிவார்கள். அவரைக் கண்டு யாரும் அஞ்சியதில்லை, சிரித்தார்கள். சினிமாவும் அந்தச் சிரிப்பையே காசாக்கியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அதே துப்பாக்கிக்காக அவர்மீது வழக்குப் பாய்ந்தது. பழங்குடியினர் பட்டியலில் இடம் கிடைக்க அவர்கள் 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி, ஒரு சேரி இளைஞர் முறைப்படி உரிமம் பெற்று, இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஊர்த் தெருவில் நடப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். துப்பாக்கி வரை போக வேண்டியதில்லை. குஜராத்தில் 2017-ல் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். சிவகங்கை மாவட்டத்தில் 2025 பிப்ரவரியில் புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. மீசையையும் மோட்டார் சைக்கிளையுமே ஆயுதமாகப் பார்க்கிற கண்ணுக்கு நிஜமான ஆயுதம் எப்படித் தெரியும்?

சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி காட்சிப் பொருள் அல்ல. உரிமம் உள்ளவரும் பொது இடத்தில் அதை உறைக்குள் மூடியே எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டக் கூடாது என்கின்றன 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள். கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டாலும் சிறைக்குப் போக நேரிடலாம் என்று 2019-ல் திருத்தம் வந்தது. இந்த விதிகள் எல்லோருக்கும் பொது. ஆனால், விதியை மீறுகிறவர் ஊர்ப் பெரிய மனிதர் என்றால் 'கௌரவத்துக்கு வைத்திருக்கிறார்' என்று ஊர் பேசும். அந்தக் கௌரவத்தை 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி பார்த்தது. துப்பாக்கிகளோடு வந்த கும்பலுக்குப் பயந்து குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். இத்தனை வசதி படைத்தவர்கள் நேரில் நடந்து போய் இதைச் செய்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்று சொல்லி, 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது.

மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் நாம் மறக்க முடியாது. தலித் மக்களின் எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்டு ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தவரை, 1997 ஜூன் 30 அன்று வழிமறித்து, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். ஆபத்து இருக்கிறது என்பது அதற்கு முன்பே ஊருக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும்.

தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-ன் மூன்றாவது விதியைப் படித்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடும் என்று அஞ்சப்படும் பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும். அங்கே தேவைப்பட்டால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர்கள், வேலையாட்கள், குடும்ப நண்பர்களுக்கும் இது பொருந்தும். துப்பாக்கிகளை வாங்கி அரசு ஆயுதக் கிடங்கில் வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் வழங்கலாம். இவ்வளவும் முப்பது ஆண்டுகளாக அரசு ஏட்டில் இருக்கிறது.

இதில் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு 'ஆளுக்கொரு துப்பாக்கி கொடு' என்று மேடையில் முழங்குவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கைத்துப்பாக்கி விலைக்கு ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாம் என்பது ஒரு காரணம். மோதல் என்று வந்தால் முதல் வழக்கு சேரிக்காரர்மீதுதான் பதிவாகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். விதி முதலில் சொல்வது ஆதிக்கம் செய்கிறவர் கையிலிருந்து ஆயுதத்தை வாங்குவதை. கேட்க வேண்டியதும் அதைத்தான்.

ரீல்ஸில் பொம்மைத் துப்பாக்கியோடும் அரிவாளோடும் 'கெத்து' காட்டும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அதே வேலையை ஊர்த் தெருப் பையன் செய்தால் எச்சரிக்கையோடு முடியலாம். உங்களுக்கு ரவுடிப் பட்டியல் வரை போகும். அரசு வேலைக் கனவு அங்கேயே முறியும்.

அந்தக் கைப்பேசியில் வேறு வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணத்தோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு தயார் செய்யுங்கள். நம் மாவட்டத்தில் மூன்றாவது விதிப்படி அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை, அங்கே எத்தனை உரிமங்கள் ரத்தாகின, ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கண்காணிப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில் கூடியது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பதில் வந்தால் இந்தப் பகுதிக்கு ஒரு நகல் அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.