கப்பல் கழித்த நீர். ஏழை வயிற்றில் அடி

பழவேற்காடு ஏரியும் எண்ணூர்க் கழியும் இன்று ஒரு மட்டியின் பிடியில் சிக்கித் தவிக்கின்றன. மீனவ மக்கள் அதற்குக் "காக்கா ஆழி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விரல் நீளமே உள்ள பிராணி. ஆனால் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று நார் விட்டுப் பின்னிக்கொண்டு, அடிச்சேற்றைப் பாய் விரித்தது போல மூடிவிடுகிறது. அந்தப் பாயின் கீழே இறால் புதைய இடமில்லை. நண்டு வளை தோண்ட இடமில்லை. மஞ்சமட்டி வளர இடமில்லை.

இடுப்பளவு நீரில் இறங்கி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலே இறால் தடவிப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் அங்கே உண்டு. இன்று அவர்கள் கையில் அகப்படுவது தோலை அறுக்கும் ஓடுதான். படகு இல்லாதவன், வலை இல்லாதவன், இரண்டு கையைத் தவிர வேறு முதல் இல்லாதவன் - அவன் வயிற்றில்தான் முதல் அடி விழுந்திருக்கிறது.

இந்த மட்டி நம் நாட்டுப் பிராணி அல்ல. தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் கரைகளே அதன் தாயகம். அவ்வளவு தூரத்தை அது நீந்திக் கடக்கவில்லை. கப்பல்தான் அதைச் சுமந்து வந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

எப்படி என்று கேட்கலாம். சரக்கு இல்லாத கப்பல் கடலில் நிலைகொள்ளாது. அலையில் ஆடும், கவிழும். ஆகவே சரக்கை இறக்கிய துறைமுகத்திலேயே கடல் நீரை அடித்தொட்டிகளில் ஆயிரக்கணக்கான டன் ஏற்றிக்கொள்கிறார்கள். இதைப் 'பாலாஸ்ட் தண்ணீர்' என்பார்கள். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்த நீரை அங்கே கொட்டிவிடுகிறார்கள். ஒரு நாட்டின் முட்டையும் குஞ்சும் புழுவும் அந்த நீரோடு இன்னொரு நாட்டில் இறங்குகின்றன. கப்பலின் அடிப்பலகையில் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

இவ்வாறு துறைமுகம் துறைமுகமாகத் தாவி வந்ததுதான் காக்கா ஆழி. பிலிப்பைன்ஸில் இறங்கியது. 2016-இல் சிங்கப்பூரில் தென்பட்டது. 2019-இல் கேரளத்தின் உப்பங்கழிகளில் பதிவாயிற்று. நம் கரையில் எண்ணூர், பழவேற்காடு எங்கும் பரவிவிட்டது. அதிக உப்பையும் தாங்கும். குறைந்த உப்பையும் தாங்கும். தாய்நாட்டில் அதைத் தின்று அடக்கிவைத்த பகைகள் இங்கே இல்லை. அனல் நிலையச் சாம்பலாலும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவாலும் நொந்துபோன கழியில் அதை எதிர்த்து நிற்க யார் இருக்கிறார்கள்?

இது நம் நாட்டின் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவின் பேரேரிகளில் 1988-இல் 'வரிக்குதிரை மட்டி' கண்டுபிடிக்கப்பட்டது. கருங்கடல், காஸ்பியன் பகுதிகளிலிருந்து கப்பல் நீரோடு அது வந்தது. 1989-இல் மிச்சிகன் மாநிலத்தின் மன்ரோ நகரில் குடிநீர் எடுக்கும் குழாயையே அது அடைத்துவிட்டது. ஊரே தண்ணீரின்றித் தவித்தது. பணம் படைத்த அந்த நாட்டாலும் இன்றுவரை அதை ஒழிக்க முடியவில்லை. வந்தபின் விரட்டுவது அரிது. வராமல் தடுப்பதே வழி என்பதுதான் அந்த ஏரிகள் புகட்டும் பாடம்.

தடுக்க வழி இல்லையா? உண்டு. பாலாஸ்ட் தண்ணீர் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் 2004-இல் எழுதப்பட்டது. அது அமுலுக்கு வந்ததோ 2017 செப்டம்பரில்! நடுக்கடலில் நீரை மாற்று, கப்பலிலேயே வடிகட்டிச் சுத்தம் செய்து கொட்டு என்பவைதான் அதன் விதிகள். இந்த இரண்டு வரியை நடைமுறைக்குக் கொண்டுவர 13 ஆண்டுகள்! அந்த ஒப்பந்தத்தில் சேர நமது மத்திய மந்திரிசபை 2015-இல் ஒப்புதல் கொடுத்தது. காகிதத்தில் ஒப்புதல் கிடைத்தது. கழியில் மட்டி வந்து சேர்ந்தது. சுத்திகரிப்புக் கருவி வைத்தால் கப்பல் முதலாளிக்குச் செலவு. வைக்காவிட்டால் செலவு இறால் தடவும் பெண்ணின் தலையில். தாமதத்தால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை வழக்கு சென்றிருக்கிறது. மட்டியை அள்ளும் செலவு யாருடையது என்பதே அங்கும் எழுந்த பெரிய கேள்வி. இதில் என்ன சந்தேகம்? கப்பல் போக்குவரத்தால் லாபம் அடைபவர்கள் கொடுக்கட்டும்!

"பீங்கான் சூளையில் வேகும் எங்களுக்கும், வயலில் நாற்று நடும் எங்களுக்கும் பழவேற்காட்டு மட்டியோடு என்ன சம்பந்தம்?" என்று விருத்தாசலத்துத் தோழர்கள் கேட்கலாம். உண்மைதான்; காக்கா ஆழி உவர்நீர்ப் பிராணி. நம் நன்னீர் ஏரிகளில் அது குடியேறாது. ஆனால் நம் ஊரைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அதற்குத் தெற்கே பிச்சாவரம். அங்கேயும் இருளர் மக்கள் கையால் இறால் பிடித்துத்தான் பிழைக்கிறார்கள். கடலூர்த் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்களைக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக நடக்கிறது. கப்பல் வரட்டும், வேலை வரட்டும்; நாம் தடுக்கவில்லை. கப்பலுக்கு முன்னால் காவல் வரட்டும் என்கிறோம்.

ஏரி பாழாவது என்றால் என்னவென்று நமக்கும் தெரியும். வெங்காயத்தாமரையைக் காணாத விவசாயத் தொழிலாளி உண்டா? அதுவும் தென் அமெரிக்கச் சரக்குதான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில், பூ அழகாக இருக்கிறதென்று சீமான்கள் குளத்தில் வளர்க்கக் கொண்டுவந்தார்கள். அழகு அவர்களுக்கு, வாய்க்காலில் கழுத்தளவு நின்று அதை அரித்து எடுக்கும் வேலை நமக்கு. கடைமடைக்குத் தண்ணீர் ஏறாத துன்பமும் நமக்கு.

ஆகவே நாம் கோருகிறோம்: துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கப்பலின் பாலாஸ்ட் தண்ணீரையும் சர்க்கார் பரிசோதிக்க வேண்டும், பரிசோதனை முடிவுகளை மக்கள் அறிய வெளியிட வேண்டும். விதியை மீறிக் கொட்டும் கப்பலைப் பிடித்து அபராதம் போட வேண்டும். மட்டி அள்ளும் வேலையை அந்தந்த ஊர் மக்களுக்கே முழுக் கூலியில் கொடுக்க வேண்டும். நஷ்டஈட்டுப் பட்டியலில் படகுக்காரர்களோடு, கையால் இறால் தடவும் ஆண் பெண் அனைவரின் பெயரும் ஏற வேண்டும். வெள்ளாற்று முகத்துவாரத்தையும் கடலூர் உப்பனாற்றையும் ஆண்டுதோறும் சோதிக்கும் பொறுப்பை, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் ஆய்வு நிலையத்திடம் பணத்தோடு ஒப்படைக்க வேண்டும்.

கடலும் கழியும் ஏரியும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. உழைத்து உண்பவனின் சோற்றுப்பானை. இந்தக் கோரிக்கைகளை மீனவர்கள் தனியாகக் கேட்டால் சர்க்காரின் காதில் ஏறாது. சூளைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் தங்கள் சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போட்டு அவர்களோடு நிற்கட்டும். பழவேற்காட்டில் விழுந்த அடி பிச்சாவரத்திலும் விழும்வரை நாம் காத்திருக்கலாகாது.