மீன்குஞ்சு வாங்குமுன் கண்ணாடிப் புட்டியில் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் திருத்தணி வட்டாரத்து ஏரிகளும் பண்ணைக்குட்டைகளும் நிரம்பியதும் மீன்குஞ்சு விடும் வேலை தொடங்கிவிடும். விதை நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் குடியானவர், மீன்குஞ்சை மட்டும் விற்பவர் சொல்லும் பெயரை நம்பி வாங்கிவிடுகிறார். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் எல்லாக் குஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். இனம் மாறிய விஷயம் மாதக்கணக்கில் தவிடும் புண்ணாக்கும் போட்ட பிறகு, வலை வீசும் அன்றுதான் வெளிப்படுகிறது.

கட்லா மேல்மட்டத்தில் மேயும்; ரோகு நடுவில்; மிர்கால் அடியில். மூன்றும் கலந்திருந்தால்தான் குட்டையின் இரை முழுதும் மீனாகும். ஒரே இனமாகப் போனால் ஒன்றோடொன்று இரைக்குப் போட்டியிட்டு வளர்ச்சி குன்றும்.

ஆற்றில் வாரிய குஞ்சுகளையே நம்பியிருந்த காலத்தில் கலப்பு தவிர்க்க முடியாதது. 1957-இல் ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். இனம் பிரித்துப் பொரிக்க வழி பிறந்துவிட்ட பின் கலப்புக்குச் சாக்குச் சொல்வது சரியல்ல.

விரல் நீளக் குஞ்சுகள் பத்துப் பதினைந்தைத் தெளிந்த நீருள்ள வெள்ளைக் கண்ணாடிப் புட்டியில் விட்டு, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கைபேசியில் படமும் அப்படியே எடுக்கலாம். வாளியை மேலிருந்து எடுத்தால் கறுத்த முதுகுதான் விழும். உள்ளங்கையில் வைத்தாலோ துடுப்பு மடங்கிவிடும். தலை பெருத்து, வாய் மேல்நோக்கி, மீசையின்றி இருந்தால் கட்லா. உதட்டோரம் குஞ்சம் போலிருந்தால் ரோகு. உடல் ஒல்லியாக, உதடு மெல்லியதாக, வாலடியில் கரும்புள்ளியோடு இருப்பது மிர்கால். இரண்டு இணை மீசை சாதாக் கெண்டைக்கு உண்டு.

குஞ்சும் தாயும் ஒத்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. பவளப்பாறைகளில் வாழும் எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சு கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும். வளர்ந்தால் மஞ்சள் கோடுகள். முற்கால அறிஞர்களே குஞ்சை வேறு இனமென்று பெயரிட்டு ஏமாந்தார்கள்! எனவே மீன்வளத் துறையார் வளர்ந்த மீனின் படத்தோடு நிற்காமல், நீருக்குள் எடுத்த குஞ்சுப் படங்களையும் ஊராட்சிதோறும் ஒட்ட வேண்டும். விற்பவர் ரசீதில் இனத்தையும் எண்ணிக்கையையும் எழுதித் தரவேண்டும்.

செதிலே இல்லாமல் நான்கு இணை மீசையோடு இருந்தால் அது கெண்டையே அல்ல, கெளிறு வகை. ஆப்பிரிக்கக் கெளிற்றை வளர்க்க மத்திய அரசு 2000-இல் தடை விதித்தது. அதன் குஞ்சை நாட்டுக் கெளிற்றிலிருந்து கண்ணால் பிரிப்பது கடினம். கலங்கல் வழிந்தால் ஏரிக்குள் போய் நாட்டு மீன்களைத் தின்னும். மீசைக் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது என்று யார் வந்தாலும், பையை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பிவிடுங்கள்.