திரைக்கு எதிர்ச்சுவர்

மதுரையில் 1952 தீபாவளியன்று ‘பராசக்தி’யுடன் திறக்கப்பட்டு, பிற்காலத்தில் இடிக்கப்பட்டு, இன்று அதே இடத்தில் ஜவுளிக்கடை நிற்கும் தங்கம் திரையரங்கைப் பற்றி இந்த வாரம் வெளிவந்த நினைவுக் கட்டுரையிலும் “ஆசியாவிலேயே பெரியது” என்னும் தொடர் தவறாமல் இடம்பெற்றிருக்கிறது. 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் வியப்புக்குரியவைதாம். ஆசியா முழுவதையும் அளந்து வந்தவர் யார் என்று இப்பத்தி முன்பே கேட்டுச் சலித்துவிட்டது.

அதைவிட உறுத்துவது, தோரணம், கள்ளச்சந்தை டிக்கெட், இடைவேளை முறுக்கு என்று எல்லாவற்றையும் பட்டியலிடும் இத்தகைய கட்டுரைகள் திரைக்கு எதிர்ச்சுவரிலுள்ள சிறு சதுரத் துளைகளுக்கு அப்பால் நின்ற ஆபரேட்டரை ஒரு வரியிலும் நினைப்பதில்லை என்பதே. படம் மங்கினால் மட்டும் விசிலடித்து அவரை அழைத்த பழக்கம் எழுத்திலும் தொடர்கிறது போலும்.

செனான் விளக்கு பரவுவதற்கு முன், படத்துக்கு ஒளி தந்தது கார்பன் வில்விளக்கு. அதாவது நேர்மின்சாரம் பாயும் இரண்டு கரிக்குச்சிகளின் முனைகளுக்கிடையே எழும் கண்ணைப் பறிக்கும் சுடர். குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளி அகன்று, சுடர் தடுமாறி, திரையில் கதாநாயகியின் முகம் மங்கலாகும் என்பதால், ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி பதித்த சாளரத்தின் வழியே சுடரைக் கவனித்து, திருகைத் திருப்பி அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. புகையும் வெக்கையும் நிறைந்த அவ்வறைக்குப் புகைபோக்கி இருந்தது, குளிர்சாதனமெல்லாம் இருக்கைகளுக்கே.

ஏறத்தாழ 20 நிமிடம் ஓடும் 2,000 அடிச் சுருள் முடியுந்தறுவாயில், படச்சட்டத்தின் வலப்புற மேல்மூலையில் ஒரு வட்டப்புள்ளி நொடிக்கும் குறைவான நேரம் தோன்றும். அதைக் கண்டதும் ஆபரேட்டர் அடுத்த சுருள் பொருத்திய இரண்டாவது எந்திரத்தின் மோட்டாரை முடுக்கி, சில நொடிகளில் வரும் அடுத்த புள்ளியில் ஒளியையும் ஒலியையும் அதற்கு மாற்றுவார். இம்மாற்றத்தைப் பார்வையாளர் உணராதிருப்பதே தொழில் திறமைக்கு அடையாளம். ஆகவே திறமையானவருக்குக் கைதட்டல் கிடைத்ததேயில்லை.

பழைய படங்கள் தொலைக்காட்சியில் ஓடும்போது அந்தப் புள்ளிகளை இன்றும் சில பிரதிகளில் காணலாம். படத்தைப் புதுப்பிப்போர் பலர் அவற்றையும் கீறல் கணக்கில் சேர்த்துத் துடைத்துவிடுவது இப்பத்தியின் அடுத்த எரிச்சல். அது வேறு வாரத்துக்கு.